வலப்பக்கப் பின் மூலை

கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே
மேலே மூன்று டாலர் நாணயம் தாராளமாய் நுழைகிறது.
கீழே என் நகம்கூட நுழையவில்லை.
எழுபத்தொன்பதாம் ஆண்டு செவ்ரோலே பிக்கப்.
நீலம் என்று பதிவேட்டில் இருக்கிறது.
சண்டைக்குப் பிறகு எடுத்த குடும்பப் படம் போல
தகட்டுக்குத் தகடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

"கீலைத் தளர்த்து, கதவைத் தூக்கு, அவ்வளவுதான்"
என்கிறான் அண்ணன் ஓரெஸ்ட்.
நான்கு வருஷமாக இதையே சொல்கிறான், இதையே செய்கிறான்.
தூக்கினால் கதவு சாத்தாது.
சாத்தினால் பின்விளிம்பு துருத்தும்.
துருத்தியதைத் தட்டினால்
பானெட் நெற்றியைச் சுருக்கும்.

வெளியே மைனஸ் இருபத்தேழு.
கனோராவின் ஜனவரி கராஜ் கதவுக்கடியில் நாக்கை நீட்டுகிறது.
புரொபேன் ஹீட்டர் இரைகிறது.
அவன் முதுகு வேகிறது, என் கால் விறைக்கிறது.
மேலேயே தேடி அலுத்துவிட்டது எனக்கு.
அட்டையை விரித்து அடியில் நுழைந்தேன்.

கேபின், சட்டத்தின் மேல் நேரடியாக உட்காருவதில்லை.
நான்கு மூலையிலும் நான்கு ரப்பர் திண்டு.
ஓட்டுநர் பக்கத்துப் பின்திண்டு
சப்பளிந்து, வெடித்து, பேருக்கு இருந்தது.
வலப்பக்கப் பின் மூலையில் திண்டே இல்லை.
கறுப்பாய், வட்டமாய், கெட்டியாய்
வேறு ஏதோ.
நடுவில் ஓட்டை போட்டு போல்ட்டை இறக்கியிருந்தது.
டார்ச்சை நெருக்கினேன்.
வெள்ளைப் பெயிண்டில் பிள்ளைக் கையெழுத்து.

"ஓரெஸ்ட்,
பிப்ரவரி எட்டு, எண்பத்து...
மீதியை ஓட்டை தின்றுவிட்டது.
உனக்கு ஏதாவது தெரியுமா?"

மேலே ஸ்பானர் சத்தம் நின்றது.

காம்சாக் அணிக்கு எதிராக, கூடுதல் நேரத்தில்,
அவன் வாழ்நாளில் அடித்த ஒரே கோல்.
அந்த ஹாக்கி வட்டை நான் திருடினேன் என்று
நாற்பது வருஷம் ஆகப்போகிறது, நம்புகிறான்.
என் பொம்மைகளின் தலையைத் திருகிப் பார்த்தவன்.
என் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து
அதைப் பற்றித்தான் பேசினான்.
எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை.

போல்ட் இளகவில்லை.
எண்ணெய், தீ, கெட்ட வார்த்தை, மறுபடி எண்ணெய்.
ஒன்றேகால் மணி நேரம் கழித்து
வட்டு என் மார்பில் விழுந்தது, சில்லென்று.

அப்பாவுக்குப் போன் போட்டோம்.
மெட்ரோ ஹ்னாட்டியுக், குளிருக்குத் தப்பி அரிஸோனாவில்,
இரண்டாம் மனைவியோடு, அரைக்கால் சட்டையில்.
"அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.
அது கைக்கெட்டின தூரத்தில் கிடந்தது.
ஏன், யாருடையதாவதா?"

ஓரெஸ்ட் போனை என்னிடம் தந்துவிட்டு
ஹீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு முக்கால் அங்குல சாக்கெட்டை
நான் கேட்காமலே நீட்டினான்.

நான்கு மூலைக்கும் புது ரப்பர்.
ஜாக்கை மெள்ள மெள்ள இறக்கினோம்.
கேபின் ஒருமுறை முனகி
நேராக உட்கார்ந்தது.

இப்போது கதவு சாத்தவேயில்லை.
கோணலுக்கே பழகிப்போன கீல்கள்,
கோணலுக்கென்று ஓரெஸ்ட் தட்டிவைத்த தட்டுகள்,
எல்லாம் சேர்ந்து நேரைப் பார்த்து மல்லுக்கு நின்றன.
அவன் செய்ததையெல்லாம் அவனே அவிழ்த்தான்.
ஷிம் இரண்டை உருவி ஒன்றைச் செருகி,
கட்டை கொடுத்து நெம்பி,
நான் தோளால் முட்ட, அவன் திருகி முடுக்க,
ஒரு மயிரிழை, இன்னும் ஒரு மயிரிழை, ஐயோ அதிகம், திரும்பு.

இரவு பதினொன்றரை.
மேலே மூன்று நாணயம்.
நடுவில் மூன்று.
கீழே இரண்டும் ஒரு நகமும்.
"போதும்" என்றேன்.
"போதாது" என்றான்.
விளக்கை அணைத்தது அவன்தான்.

வட்டை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டான்.
பனியில் பாதி தூரம் போய்த் திரும்பி,
புகையும் மூச்சுமாக,
"அந்தச் சிவப்புக் கவுன் பொம்மை இருந்ததே, சோனியா,
அதன் தலை எங்கே என்று எனக்குத் தெரியும்."